உப்பு, முத்து, உடம்பு: ஒரு கதிரின் மூன்று வாசிப்புகள்

ஆறுமுகநேரி, திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் ரயில் பாதையில் காயல்பட்டினத்துக்கு முன்னால் வரும் ஊர். ஊரைச் சுற்றி உப்பளப் பாத்திகள், கிழக்கே மன்னார் வளைகுடா, வடக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், அதற்கும் அப்பால் பழையகாயல், கொற்கை. உப்பும் முத்தும் இந்தக் கரையின் இரண்டு பழைய விளைச்சல்கள். இந்த இரண்டையும் எக்ஸ்ரே கதிர் ஊடுருவிப் படித்திருக்கிறது என்பதும், அந்த இரண்டு வாசிப்புகளும் உலக அறிவியலில் இடம் பிடித்தவை என்பதும் இங்கே அதிகம் பேசப்படாத செய்தி. மூன்றாவதாக அதே கதிர் படித்தது, உப்பு வாரியவர்களும் முத்துக் குளித்தவர்களும் சுமந்து நடந்த உடம்பை. மூன்று வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. எக்ஸ்ரே தானாக எதையும் சொல்வதில்லை. அது நிழலை மட்டுமே தருகிறது. நிழலோடு காரணம் சொல்லும் சொல் சேரும்போதுதான் அது அறிவாகிறது. உப்புக்கும் முத்துக்கும் அந்தச் சொல் சேர்ந்தது. உடம்பின் படத்துக்கும் சொல் உண்டு; ஆனால் அந்த உடம்புக்கு உரியவரிடம் அது வந்து சேர்வது அரிது. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்த பிறகு இந்தக் குறையைக் களைவது எளிதாகியிருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணத்தைக் கருவியில் தேடிப் பயனில்லை, நம் வழக்கத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் உப்பு. 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் இந்தக் கதிரைக் கண்டபோது அதன் இயல்பு அவருக்கே விளங்கவில்லை. அதனால்தான் கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எக்ஸ் என்ற எழுத்தை அதற்குப் பெயராக வைத்தார். 1912இல் மியூனிக்கில் லாவேயும் அவருடைய துணைவர்களும் ஒரு படிகத்தின் வழியே இந்தக் கதிரைச் செலுத்தியபோது, ஒளித்தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர், தந்தை வில்லியம் பிராக்கோடு சேர்ந்து உழைத்த நாட்களில், அத்தகைய புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சாதாரண உப்பின் உள்ளமைப்பைக் கண்டு சொன்னார். உப்புக்குள்ளே சோடியமும் குளோரினும் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கவில்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று முப்பரிமாணச் சதுரங்கப் பலகை போல அடுக்கப்பட்டிருக்கின்றன. பாத்தியில் வெயிலுக்கு விளையும் உப்புக்கல் கனசதுரமாக இருப்பதை அளத்தில் வேலை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டவர்கள். அந்த வடிவத்துக்கான காரணம் அன்றுதான் தெரிந்தது. 1915இல் தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25.

இங்கே கவனிக்க வேண்டியது பரிசை அல்ல, அதற்குப் பின் நடந்த வழக்காடலை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927இல்கூட நேச்சர் இதழில் இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். தனி உப்பு மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் பிராக்கின் முடிவு நிலைத்தது. எந்தப் புள்ளி எதனால் விழுந்தது, எந்தக் கணக்கால் எந்த முடிவுக்கு வந்தோம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்ததால், ஐயப்பட்டவர் எவரும் அதைத் தாமே சரிபார்க்க முடிந்தது. நிழலைப் படித்தவர் தம் வாசிப்பின் படிகளைத் திறந்து வைத்தார். நல்ல வாசிப்புக்கு முதல் இலக்கணம் இதுதான்.

அடுத்து முத்து. முத்துத் தொழிலின் நீண்ட வரலாறு முழுவதும் உள்ளே இருப்பதைத் தெரியாமல் விலை பேசிய வரலாறு. பாண்டியனின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்து எடுத்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ இந்தக் கடலின் முத்துக்குளிப்பை விரிவாகவே எழுதி வைத்தார். குளிக்கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி, சிப்பிகள் வாழும் கடலடித் திட்டான பாரில் இறங்கிய குளியாள் கூடை நிறையக் கொண்டுவந்தது மூடிய சிப்பியைத்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அந்தச் சிப்பி மூடியபடியே, ஆயிரம் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று ஏலம் போனது. ஏலத்துக்கு முன்னால் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரித்து, மதிப்பிடுவோர் விலை கட்டினார்கள். அந்த மாதிரியை வைத்தே அந்தப் பருவத்தில் குளிப்பு நடத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். ஏலம் எடுத்தவர் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, அலசி, கிடைத்ததைப் பொறுக்கினார். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது. இருக்கிறதா என்று அறிய அத்தனை உயிர்களையும் கொன்றே தீர வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே வந்ததும் இந்தத் தொழிலுக்கு அது வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. சிப்பியைத் திறக்காமலே படம் பிடித்து, முத்துள்ளதை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கடலுக்கே திருப்பிவிடலாம் என்ற யோசனையைப் பிரெஞ்சு உயிரியலாளர் ரஃபேல் துபுவா போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்தார்கள். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கைச் சிப்பிகளின் மேல் அது முயன்றும் பார்க்கப்பட்டது. முயற்சி தொழிலாக வளரவில்லை. முத்தும் சுண்ணாம்பு, சிப்பி ஓடும் சுண்ணாம்பு. வெள்ளையின் மேல் வெள்ளையாக விழும் நிழலில் பெரிய முத்தை அடையாளம் காணலாம், சிறியது தப்பிவிடும். அதைவிடப் பெரிய தடை கடலுக்குள்ளே இருந்தது. 1905இல் இலங்கைப் பார்கள் அதுவரை காணாத அளவு சிப்பியைத் தந்தன. அடுத்த ஆண்டே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அவற்றை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பார்கள் வெறுமையாகிவிட, கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கருவி எவ்வளவு கூர்மையானாலும் நிழல் மேல் நிழல் விழுந்தால் உள்ளது மறையும், இல்லாததை எந்தக் கருவியும் காட்டாது என்ற இரண்டு பாடங்களை இந்தத் தோல்வி விட்டுச் சென்றது. இரண்டும் நெஞ்சுப் படத்துக்கும் அப்படியே பொருந்தும். விலா எலும்பின் நிழலுக்குள் ஒரு சிறு நுரையீரல் கட்டி மறைந்துகொள்வது, ஓட்டின் நிழலுக்குள் சிறு முத்து மறைந்தது போலத்தான்.

எக்ஸ்ரே முத்துக்கு உண்மையில் பயன்பட்டது வேறொரு நெருக்கடியில். 1921இல் ஜப்பானின் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்துக்கள் லண்டன் சந்தைக்கு வந்தன. இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் கண்ணால் பிரித்தறிய முடியாமல் வணிகம் கலங்கியது. 1925இல் லண்டன் வணிகச் சங்கத்தின் ஆதரவில் பேசில் ஆண்டர்சன் என்ற இளைஞரின் பொறுப்பில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. வளர்ப்பு முத்தின் நடுவே மணியாக உருட்டப்பட்ட ஓட்டுத் துண்டு இருக்கும்; அதைச் சுற்றிய கரிமப் படலம் படத்தில் மெல்லிய கருங்கோடாக விழும். இயற்கை முத்தில் வெங்காயத் தோல் போல வளையங்கள் மையம் வரை போகும். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமியும் குழுவினரும் இந்தியாவில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியபோது, இந்தக் கரையும் அந்தப் புது வகைக்குப் பிறப்பிடம் ஆனது. இன்று விலை உயர்ந்த முத்து கைமாறும்போது ஆய்வுக்கூடத்தின் எழுத்துச் சான்று கூடவே வருகிறது. இது இயற்கையா வளர்ப்பா, கடல்நீரா நன்னீரா என்று அது சொல்கிறது. முத்தை வாங்குகிறவரிடம் நிழற்படத்தை மட்டும் நீட்டி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்வதில்லை.

இப்போது உடம்பு. இந்திய மண்ணுக்கு எக்ஸ்ரே விரைவாகவே வந்தது. 1897-98இல் வடமேற்கு எல்லையில் நடந்த திரா போர்க்களத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் பீவர், வீரர்களின் உடலில் தங்கிய குண்டுகளைத் தேட இதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தாமே கருவி அமைத்தார். சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. 1955 முதல் 1958 வரை நடந்த தேசியக் காசநோய் மாதிரி ஆய்வில் வண்டிகளில் பொருத்திய கருவிகள் ஊர் ஊராகப் போய் நெஞ்சுப் படம் எடுத்தன. படத்தின்படி காசநோய் செயலில் உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பேர். சளியில் கிருமி தென்பட்டவர்கள் அதில் கால்பங்கு அளவே. நிழல் வேறு, நோய் வேறு என்பதை நாடு முழுவதற்குமாகக் காட்டிய கணக்கு அது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலேயே மருந்து உண்டவர்கள் மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப் போலவே குணமடைவதை 1959இல் உலகுக்கு நிறுவியது. அந்த முடிவுக்குள் இன்னொரு பொறுப்பும் அடங்கியிருந்தது. சிகிச்சை வீட்டுக்குப் போனால் நோயைப் பற்றிய அறிவும் வீட்டுக்குப் போயாக வேண்டும். மருந்து போன அளவுக்கு அறிவு போகவில்லை.

ஃபிலிம் காலத்தில் அதற்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது. மேலை நாடுகள் பலவற்றில் படம் மருத்துவமனையின் காப்பறையில் தங்கியது. நம் ஊர்களில் அதைப் பெரிய உறையில் போட்டு நோயாளியின் கையில் கொடுத்தார்கள். குடும்பம் அதைப் பரணிலோ பீரோவிலோ வைத்துக் காத்தது. அடுத்த மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோனது. அது ஒரு நல்ல வழக்கம். படம் யாருடைய உடம்போ அவருடைய பொருள் என்று அது சொல்லாமல் சொன்னது. டிஜிட்டல் முறையில் படம் என்பது எண்களின் தொகுப்பு. ஒரு நெஞ்சுப் படத்தில் சுமார் தொண்ணூறு லட்சம் புள்ளிகள் வரை இருக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலாயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட சாம்பல் படிநிலைகளில் ஒன்று. மருத்துவர் திரையில் அந்தப் படிநிலைகளை நகர்த்தி, ஒரே படத்தில் நுரையீரலை ஒரு முறை, எலும்பை ஒரு முறை தெளிவாக்கிப் பார்க்க முடியும். நோயாளியின் கைக்கு வரும் சிறிய அச்சுப் படமோ, செல்பேசியில் வரும் சுருக்கிய படமோ அந்தத் தொகுப்பின் ஒரே ஒரு தோற்றம். செல்பேசித் திரை பெரும்பாலும் 256 படிநிலைகளையே காட்டும். ஆக, படம் எளிதாகப் பயணம் செய்கிறது. வழியில் அதன் செறிவு உதிர்ந்துவிடுகிறது. முழுக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

நோயாளி கதிரியலாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால் படத்தின் இலக்கணம் சிறியது. பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். காற்று கருப்பு, கொழுப்பு அடர் சாம்பல், தசையும் நீரும் வெளிர் சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் பளிச்சென்ற வெள்ளை. நுரையீரல் கருப்பாகத் தெரிவது நோயல்ல, அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். படம் நம்மை எதிரே நின்று பார்ப்பதாக வைக்கப்படுகிறது. அதனால் படத்தின் வலப்பக்கம் நம் இடப்பக்கம், இதயத்தின் நிழல் அங்கேதான் அதிகம் சாய்ந்திருக்கும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது நுரையீரல் விரிந்து உதரவிதானம் கீழிறங்க. நெஞ்சைத் தட்டில் ஒட்டி நிற்கச் சொல்வது இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியாமலிருக்க. நிமோனியா குணமான பிறகும் நிழல் மறையச் சில வாரம் ஆகலாம். புதிய மயிர்க்கோட்டு முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகலாம். எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் அது புலப்படும். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் அளவு, இயற்கையாகவே சில நாட்களில் நம் மேல் படும் அளவுதான்; கருவுற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஜிட்டலில் கதிர் கூடினாலும் ஃபிலிம் போலப் படம் கருத்துக் காட்டிக்கொடுக்காது. ஆகவே தேவையின்றி மறுபடியும் படம் எடுக்காமலிருக்கப் பழைய படத்தைக் காட்டுவது நல்லது. எல்லாவற்றையும்விடப் பயனுள்ள பழக்கம், பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்வதுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரைகுறை அறிவு அச்சத்தை வளர்க்கும், நோயாளி தாமே படித்துத் தவறான முடிவுக்கு வருவார் என்பது முதல் மறுப்பு. படிப்பது கடினம் என்பது உண்மைதான். 1940களில் அமெரிக்காவில் எந்த அளவுப் படம் காசநோயைச் சிறப்பாகக் காட்டும் என்று ஒப்பிட முனைந்தார்கள்; அனுபவம் மிக்க மருத்துவர்கள் படித்ததில், படங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் படிப்பவர்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒரே மருத்துவர் அதே படத்தை மறுமுறை பார்த்தபோது தம் முந்தைய முடிவிலிருந்தே மாறினார். யெருஷால்மி என்ற புள்ளியியலாளர் இதை விளக்கி, ஒரு படத்தை இருவர் தனித்தனியே படிக்கும் முறையை வலியுறுத்தினார். இந்தச் சான்று நோயாளியை விலக்கி வைக்கச் சொல்லவில்லை. வல்லுநரின் வாசிப்பிலும் ஐயத்துக்கு இடமுண்டு என்றால், அந்த ஐயம் எவ்வளவு என்பதை அறிய நோயாளிக்கு மற்ற எவரையும்விட உரிமை அதிகம். அச்சம் பிறப்பது தெரிந்துகொண்டதால் அல்ல. அறிக்கையில் ஒரு புரியாத சொல் நிற்க, அதை விளக்க எவரும் இல்லாததால்தான்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அரசு மருத்துவமனையின் புறநோயாளி வரிசையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் எழுத்து அந்தச் சுமையைக் குறைக்கும். என்ன தெரிகிறது, அது எதைக் குறிக்கலாம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி தமிழில் அறிக்கையின் அடியில் இருந்தால், வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. முத்துச் சான்று பணம் உள்ளவர் கட்டணம் கொடுத்துப் பெறுவதுதானே என்று கேட்கலாம், உண்மைதான். இந்த மூன்று வரிக்குப் புதிய கருவியோ தனிக் கட்டணமோ தேவையில்லை. மருத்துவர் ஏற்கெனவே அறிந்துகொண்டதை எழுதுவதுதான் வேலை. முத்து எளிய பொருள், உடம்பு சிக்கலானது என்று சொன்னால், சிக்கலானதற்கே அதிக விளக்கம் வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில்.

தமிழில் இதைச் சொல்ல முடியுமா என்ற மூன்றாவது மறுப்புக்குக் கடலுக்கு அப்பால் விடை இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தங்கித் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் உடலியக்கமும் உடல்நலமும் பற்றிய பெரிய நூல் 1852இல் தமிழில் அச்சேறியது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே நுரையீரலையும் விலாவையும் பற்றித் தமிழில் நூல் வந்துவிட்டது. சொல் இல்லை என்ற பேச்சு அன்றே பொய்த்துவிட்டது. இனிக் கணினியே படித்துச் சொல்லிவிடும் என்பது புதிய மறுப்பு. நெஞ்சுப் படத்தில் காசநோயின் அறிகுறியைத் தேடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் முதல்நிலைப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிரியலாளர் இல்லாத ஊருக்கு அது பேருதவிதான். ஆனால் அது தருவது ஒரு மதிப்பெண். அதன் பிறகு சளிப் பரிசோதனை வேண்டும். நிழலைக் கிருமியாக எண்ணிவிடக் கூடாது என்று ஐம்பதுகளின் ஆய்வு சொன்ன பாடம் மென்பொருளுக்கும் பொருந்தும். ஏன் இந்த எண் வந்தது என்று நோயாளிக்குச் சொல்ல இன்னும் ஒரு மனிதர் தேவை.

சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். படத்தின் முழுக் கோப்பையும் எழுத்து அறிக்கையையும் கேட்பது இந்த விதி நமக்குத் தந்த உரிமை. கேட்டு வாங்கிய கோப்பை, முன்பு உறையைப் பரணில் காத்த அதே கவனத்தோடு காக்க வேண்டும். உப்பைப் படித்தவர் தம் கணக்கைத் திறந்து வைத்தார். முத்தைப் படிப்பவர் தம் முடிவை எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார். இதே கரையில் ஒரு காலத்தில் குளியாள் மூச்சடக்கி இறங்கி, மூடிய சிப்பியோடு மேலே வந்தார்; உள்ளே என்ன என்பது ஏலம் எடுத்தவருக்குத்தான் தெரிந்தது. இன்று அவர் வழி வந்தவர் எக்ஸ்ரே தட்டின் முன் சில நொடி மூச்சடக்கி நிற்கிறார். அவர் கையில் கொடுக்கும் படமும் மூடிய சிப்பியாக இருந்துவிடக் கூடாது.